அந்த போல்ட் யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. போன செவ்வாய்க்கிழமை இஷாவுக்குப் பிறகு சந்தி ஹோட்டலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசிக்கவும். மற்றவர்கள் விரும்பினால் வாசிக்கலாம். வீட்டில் லொறி, வேன் வைத்திருப்பவர்களுக்குப் பிரயோசனப்படவும் கூடும்.

அன்று அந்த மேசையில் ஒரு கராஜ் பொடியனைப் பற்றி நாங்கள் சொன்னது பிழை. "பிழை, மன்னிச்சிக்கோங்க" என்று ஒரு வரியோடு விடலாம்தான். ஆனால் ஒரு வரியை ஊர் பத்துக் கதையாக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். லொறி ஓடும் காக்கா, அவரோடு மூட்டை ஏற்றி இறக்கப் போகும் மச்சான், லீவு நாட்களில் கணக்குப் பார்க்கவென்று சேர்ந்துகொள்ளும் வாத்தியார் தம்பி. லொறி மூன்று பேருடைய காசில் வாங்கியது. பிழையும் மூன்று பேருடையது. ஆகவே 'நான்' என்று எழுத மனம் வரவில்லை.

லொறி பழைய இசுசு எல்ப். எஞ்சின் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கிற சாதி. தூரப் பயணத்துக்கு முதல்நாள் காக்கா கெபினைத் தூக்கி ஒயில், தண்ணீர், பெல்ட் எல்லாம் பார்ப்பார். புதன்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு ஆலைக்குப் போய் 60 மூட்டை அரிசி ஏற்றி, அம்பாறை, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போவதாகத் திட்டம். ஒரு மூட்டை 50 கிலோ. மொத்தம் 3 தொன்.

செவ்வாய் அஸருக்குப் பிறகு கெபினைத் தூக்கியபோது மச்சானின் கண்ணில்தான் முதலில் பட்டது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுக்கும் செசிக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கும். மண்ணும் ஒயிலும் சேர்ந்து களி மாதிரி அப்பிக் கிடக்கும் இடம். அந்தக் களியில் ஒரு போல்ட் தலைகீழாகக் குத்தி நின்றது. சின்ன விரல் மொத்தம். தலைக்குக் கீழே ஒரு ஸ்பிரிங் வொஷரும் கோர்த்திருந்தது.

கழன்று விழுந்த போல்ட்டைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? அது எங்கிருந்து விழுந்தது என்று தேட வேண்டும். நாங்கள் யார் விழுத்தியது என்று தேடினோம். பன்னிரண்டு நாளைக்கு முதல் அந்தப் பொடியன் புது பெல்ட் போட்டிருந்தான். வேறு யாரும் எஞ்சினில் கை வைக்கவில்லை. அப்படியென்றால் அவன்தான். வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இரவு ஹோட்டலில் காக்கா அந்த போல்ட்டை மேசையில் வைத்தார். "பெல்ட்ட மாத்தச் சொன்னா போல்ட்ட பூட்டாம விட்டிரிக்கான். மலையில போய்க் கழண்டா எங்கட மையத்துத்தான் வரும்" என்றார். சுற்றியிருந்தவர்களும் ஆளுக்கொரு கராஜ் கதை சொன்னார்கள். எல்லாரையும் விட மோசமாகப் பேசியது எங்களில் வாத்தியார்தான். "அவன் எங்கட வகுப்பில படிச்சவன்தான். அப்பவும் பாதி வேலையில விட்டுட்டு எழும்பிப் போற பொடியன்."

அந்த வசனத்தைத்தான் ஊர் தூக்கிக்கொண்டு போனது. லொறிக்காரன் சொன்னால் அது கோபம். படிப்பித்தவன் சொன்னால் அது அத்தாட்சிப் பத்திரம்.

வீட்டுக்கு வந்த பிறகும் காக்காவுக்கு நித்திரை வரவில்லை. போல்ட் விழுந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பூட்டாமல் எப்படிக் காலையில் புறப்படுவது? டோர்ச் அடித்துக்கொண்டு மறுபடியும் கெபினைத் தூக்கினோம். பெல்ட் மாற்றுகிறவன் எதைக் கழற்றுவான்? ஒல்டனேட்டர் தொங்குகின்ற கீழ் போல்ட்டை இளக்குவான், மேலே பெல்ட்டை இழுத்து வைக்கின்ற போல்ட்டை இளக்குவான். வேறொன்றையும் தொடத் தேவையில்லை. இரண்டும் இருந்தன. ஸ்பெனர் போட்டுப் பார்த்தோம், இம்மியும் அசையவில்லை.

அவன் தொட்ட போல்ட்டுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தால், இது எது?

காக்கா 14 ஸ்பெனரை எடுத்துக் களியில் கிடந்த போல்ட்டின் தலையில் போட்டார். ஏறவில்லை. 17 தான் ஏறியது. உடனே அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "இது எங்கட லொறிட சாமானே இல்ல" என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. ஜப்பான் வாகனங்களில் 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 14 தலைதான் வரும். அவற்றின் தலையில் 7 என்று ஒற்றை இலக்கம் குத்தியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். இதில் 8.8 என்று இருந்தது. இது ஹாட்வெயார் கடைச் சாமான். எங்கோ டூல்ஸ் பெட்டியிலிருந்து தவறி விழுந்திருக்கும், எறிந்துவிட்டுப் படுப்போம் என்றார். மச்சானும் ஓம் என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு முதல் பொடியன் பூட்டாமல் விட்ட போல்ட். இப்போது யாருடையதும் இல்லாத போல்ட். தீர்ப்பு மாறிவிட்டது. ஹோட்டலில் பேசிய பேச்சைத் திருப்பி எடுக்க ஒருவரும் எழும்பவில்லை.

எறியாமல் விட்டதற்குக் காரணம் நல்ல மனது அல்ல. ஸ்பிரிங் வொஷர்தான். புது ஸ்பிரிங் வொஷரின் இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று விலகி ஏற்ற இறக்கமாக நிற்கும். இது நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. பெட்டிக்குள் சும்மா கிடந்த வொஷர் தட்டையாகாது. இந்த போல்ட் எங்கோ ஓரிடத்தில் நன்றாக இறுக்கப்பட்டு இருந்திருக்கிறது.

மண்ணெண்ணெயில் கழுவிக் குசினி மேசையில் வைத்தோம். உம்மா பார்த்துவிட்டு, "இந்த நேரத்தில இரும்புக்கு ஒப்பரேசனா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

கழுவிய பிறகு அந்தத் துண்டு நிறையச் சொல்லியது. தலையை விட்டுப் பார்த்தால் நீளம் 20 மில்லிமீற்றர். நுனியில் முதல் மூன்று மரையும் நசுங்கிக் கிடந்தன. "மரை கழண்டவன்" என்று ஆட்களைச் சொல்வோமே, அந்த மரைதான். நசுங்கிய பள்ளங்களுக்குள் சாம்பல் நிறத்தில் தூள் அடைந்திருந்தது. வார்ப்பிரும்பைச் சுரண்டினால் வரும் தூள். மிச்ச மரைகள் நசுங்கவில்லை, ஆனால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மினுங்கின. ஏதோவொரு தடித்த தகட்டின் துளைக்குள் நின்று, நாள்கணக்கில் ஒரே பக்கமாக அடிபட்டிருக்கிறது.

பிறகு பிள்ளைகளின் அடிமட்டத்தை எடுத்து மரையை எண்ணினோம். 15 மில்லிமீற்றருக்குள் 10 மரை. அப்படியென்றால் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையில் 1.5 மில்லிமீற்றர். ஹாட்வெயார் கடைகளில் 10 மில்லிமீற்றர் போல்ட் கேட்டால் சாதாரணமாகத் தருவது இந்த மரைதான். லொறியின் 14 தலை போல்ட் ஒன்றை எடுத்து எண்ணினால் அதே 15 மில்லிமீற்றருக்குள் 12 மரை. அதாவது 1.25. நெருக்கமான மரை. எண்ண முடியாதவர்களுக்கு லேசான வழி ஒன்று இருக்கிறது. இரண்டு போல்ட்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். ஒரே மரையென்றால் பல்லோடு பல் பொருந்தி வெளிச்சம் தெரியாது. வேறு மரையென்றால் இரண்டு மூன்று பல்லுக்குப் பிறகு ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்.

மொத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான், 10 மில்லிமீற்றர். அதனால் 1.5 போல்ட்டை 1.25 துளைக்குள் விட்டால் முதல் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று கையாலேயே போகும். பிறகு பிடிக்கும். பிடித்ததும் இறுகிவிட்டது என்று கை நினைக்கும். அதற்கு மேல் ஸ்பெனரைப் போட்டு நெரித்தால் போல்ட்டின் மரையும் நசுங்கும், துளையின் வாயும் கிழியும். அது பூட்டு அல்ல, நெரிசல். கொஞ்சக் காலம் தாங்கும். பிறகு ஒருநாள் வந்துவிடும்.

ஆகவே 17 தலை என்பதால் இது எங்கள் லொறியுடையது அல்ல என்று காக்கா சொன்னது பாதிதான் சரி. இசுசு கம்பனி போட்ட போல்ட் இல்லை. ஆனால் 1.25 மரைத் துளை ஒன்றுக்குள் யாரோ நெரித்துப் பூட்டிய போல்ட். அப்படிப்பட்ட துளை எங்கள் எஞ்சினில், அந்தப் பள்ளத்துக்கு மேலே எங்கோ, திறந்தபடி இருக்கிறது.

இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஆலைக்காரருக்கு "நாளைக்கு ஏத்த இல்ல" என்று மெசேஜ் போட்டுவிட்டுப் படுத்தோம்.

சுபஹ் முடிந்து வந்து, உம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியையும் டோர்ச்சையும் வைத்துத் தேடினோம். பத்து நிமிடம்கூடப் போகவில்லை. ஒல்டனேட்டரை எஞ்சின் புளொக்கோடு பிடித்துவைக்கும் தடித்த பிரெக்கட் ஒன்று இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் தெரியாது, ஒல்டனேட்டர் மறைக்கும். கண்ணாடியை உள்ளே விட்டபோது துளையொன்று கறுப்பாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்த மற்றப் போல்ட்டை மச்சான் விரலால் தொட்டார். விரலாலேயே சுற்றியது.

அதைக் கண்டதும் காக்கா லொறிச் சில்லில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார்.

ஏன் என்று வாகனம் ஓடுகிறவர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். பெற்றோல் கார்களில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்தே வெற்றிடம் கிடைக்கும், அதை வைத்து பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். டீசல் எஞ்சினில் அப்படிக் கிடைக்காது. அதற்கென்று தனியாக ஒரு வெக்யூம் பம்ப் வேண்டும். எங்கள் லொறியின் 4 ஜே.பி.1 எஞ்சினில் அந்தப் பம்ப் ஒல்டனேட்டரின் பின்பக்கத்திலேயே பொருத்தியிருக்கிறது. ஒல்டனேட்டர் சுற்றினால்தான் பம்ப் சுற்றும். ஒல்டனேட்டரைச் சுற்றுவது பெல்ட். அதே பெல்ட்தான் வோட்டர் பம்பையும் சுற்றுகிறது.

பிரெக்கட் கழன்றால் பெல்ட் போகும். டாஷ்போர்டில் சார்ஜ் லைட் எரியும். மட்டமான ரோட்டில் என்றால் ஓரமாக்கி நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விடலாம். 18 வளைவில் இறங்கும்போது என்றால்? மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் ஒரு சில தடவை பிரேக் வழமைபோல் பிடிக்கும். பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் இல்லாமல் போய்விடாது, ஆனால் முழு உடம்பையும் போட்டு மிதிக்க வேண்டும். ஹுன்னஸ்கிரியாவிலிருந்து ஹசலக்க பக்கம் இறங்கியவர்களுக்கு அந்த வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறதென்று தெரியும். கீழே ரோட்டு தெரியும், வளைவு தெரியாது. காக்காவும் மச்சானும் மாதத்தில் மூன்று நான்கு தடவை இறங்குகிற மலை அது.

அல்லாஹ் காப்பாற்றினான். அல்ஹம்துலில்லாஹ்.

சரி, அந்த போல்ட்டை அங்கே நெரித்தது யார்?

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மச்சான்தான் மெதுவாகக் கேட்டார். "காக்கா, மகா ஓயாவுக்கு இங்கால நிண்டமே, அந்த நாள்..."

போன வருசம் டிசம்பர் லீவு. மூன்று பேரும் லொறியில் இருந்தோம். பெல்ட் கத்துகிறது என்று நிறுத்திப் பார்த்தால் அதே பிரெக்கட்டில் ஒரு போல்ட்டைக் காணவில்லை. அரிசி லோட், அந்தியாகிறது, மழை இருட்டு. வாத்தியார் தம்பி ஒரு பஸ்ஸில் தொங்கிப் போய், ஹாட்வெயார் கடையில் "பத்து மில்லிமீற்றர் போல்ட்" என்று கேட்டு வாங்கி வந்தார். மரை என்ன என்று கடைக்காரர் கேட்கவில்லை, வாங்கியவருக்கும் கேட்கத் தெரியவில்லை. நீளம் 20. காக்கா ஸ்பெனரில் பைப் துண்டொன்றைக் கொளுவி நெரித்தார். மச்சான் டோர்ச் பிடித்தார். "இறுகிட்டு" என்றோம். ஊருக்குப் போய் ஒரிஜினல் போடுவோம் என்றும் சொன்னோம். ஊருக்கு வந்ததும் மறந்துவிட்டோம்.

வாங்கியவர் ஒருவர், நெரித்தவர் ஒருவர், வெளிச்சம் பிடித்தவர் ஒருவர். பிறகு மூவருமாகச் சேர்ந்து ஹோட்டலில் இருந்துகொண்டு நாலாவது ஆளின் தலையில் போட்டோம்.

இத்தனை மாதம் தாங்கியது இப்போது ஏன் வந்தது என்றும் யோசித்தோம். பழைய பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. பொடியன் புது பெல்ட் போட்டு இழுக்க வேண்டிய அளவுக்குச் சரியாக இழுத்து வைத்தான். பெல்ட் சரியாக இழுபட்டதும் பிரெக்கட்டுக்கு உண்மையான பாரம் வந்தது. மூன்று மரையில் தொங்கிய போல்ட் அதைத் தாங்கவில்லை. அவன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் எங்கள் வேலையின் லட்சணம் வெளியே வந்தது.

இதையெல்லாம் கண்டுபிடித்தபோது ஏழு மணி. வாத்தியார் ஒயில் கையைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடினார். அந்தப் பக்கத்தில் அவன் வேலை செய்யும் கராஜுக்கு ஹோட்டல் கதை நேரத்தோடேயே போய்ச் சேர்ந்திருந்தது. பாஸ் அவனை, "கொஞ்ச நாளைக்கு வராத, கதை அடங்கட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இடைவேளையில்தான் போன் வந்தது. பிற்பகல் பாடங்களில் என்ன படிப்பித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கீபத் பற்றி வருசத்தில் எத்தனை பயான் கேட்கிறோம். இது கீபத்கூட இல்லை. கீபத் என்றால் உள்ளதை முதுகுக்குப் பின்னால் சொல்வது. நாங்கள் சொன்னது இல்லாதது.

பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று பேரும் அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய உம்மா கதிரை போட்டார், தேத்தண்ணி ஊற்றப் போனார். எங்களுக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காக்கா முன்னுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். பொடியன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். போல்ட்டைக் கொடுத்தபோது ஒரு தடவை புரட்டிப் பார்த்தான்.

"இது எனக்குத் தெரியும் சேர்," என்றான். "பெல்ட் போடக்குள்ள கண்ட. ஜப்பான் எஞ்சின்ல 17 தலை இரிக்கி, மாத்தோணும் எண்டு காக்காட்ட சொன்ன. ஓடுதுதானே, பொறகு பாப்பம் எண்டார்."

காக்கா மறுக்கவில்லை. அவருக்கு அது நினைவிலேயே இருக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் சொல்லியிருப்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமும் வரவில்லை. "ஓடுதுதானே" என்பது அவருடைய சொல்தான்.

நாங்கள் ஓர் இரவு முழுக்க மண்ணெண்ணெயும் அடிமட்டமுமாகக் கண்டுபிடித்ததை, அவன் பெல்ட் மாற்றுகிற அரை மணித்தியாலத்தில் கண்டு வாயாலும் சொல்லியிருக்கிறான். பாதி வேலையில் எழும்பிப் போகிற பொடியன்!

வகுப்பில் அவன் ஏன் எழும்பிப் போனான் என்று அன்று கேட்டதில்லை. இப்போது கேட்கவும் வெட்கமாக இருந்தது. அவனுடைய உம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டே தானாகச் சொன்னார். அந்த வருசம் அவனுடைய வாப்பாவுக்கு நடக்க முடியாமல் போனதாம். பதினொரு மணிக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டியிருந்ததாம்.

பிறகு பாஸிடமும் போய்ச் சொன்னோம். வியாழக்கிழமை காலையில் அவன் கராஜுக்குப் போனான். அன்று பின்னேரம் லொறியைத் திருத்தியதும் அவன்தான். ஒல்டனேட்டரை இறக்கி, துளைக்குள் 1.25 டெப்பை விட்டுப் பார்த்தான். நாங்கள் வாங்கியது கட்டைப் போல்ட் என்பதால் துளையின் வாய் மட்டும்தான் கிழிந்திருந்தது. உள்ளே மரை முழுசாக இருந்தது. டெப்பால் துப்புரவாக்கி, 35 மில்லிமீற்றர் நீளத்தில் 14 தலை போல்ட்டும் புது ஸ்பிரிங் வொஷரும் போட்டுப் பூட்டினான். மற்றப் போல்ட்டையும் மாற்றினான். கூலி கேட்கவில்லை, காக்கா வற்புறுத்திக் கொடுத்தார். இரண்டு நாள் ஓடிவிட்டு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டான். இந்தத் தடவை அதை வாத்தியார் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஹோட்டலில் எட்டுப் பத்துப் பேர் இருந்தீர்கள். எங்கள் வாயால் கேட்டதை வேறு யாருக்காவது சொல்லியிருந்தால், தயவுசெய்து இதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அன்று இருந்த எல்லாருடைய பெயரும் எங்களுக்கு நினைவில்லை. அதனால்தான் இங்கே எழுத வேண்டி வந்தது. அவனுடைய பெயரைக் கொமென்டில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

பழைய போல்ட்டை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சின்னப் பொடியனுக்கு மரை வித்தியாசத்தைக் காட்ட வேண்டுமாம்.

லொறி நேற்று 60 மூட்டையோடு கண்டிக்குப் போய், இன்று மத்தியானம் மகியங்கனைக்கு இறங்கிவிட்டது. காக்கா அங்கே லுஹர் தொழுதுவிட்டு ஓல் எடுத்தார். பிரேக் நல்லாத்தான் பிடிக்குதாம்.

வஸ்ஸலாம்.